பிரைம் மூவர் சேசிஸில் துருவா? வெல்டரைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை

என் பிரைம் மூவருக்கு, அதாவது கொள்கலன் ட்ரெய்லரை இழுக்கும் வண்டிக்கு, பதிமூன்று வயது. சிங்கப்பூர்த் துறைமுகங்களான பாசிர் பாஞ்சாங்கிலிருந்தும் துவாஸிலிருந்தும் கொள்கலன் ஏற்றுவதுதான் அதன் பிழைப்பு, என் பிழைப்பும். ஃபிஃப்த் வீலுக்கு (ட்ரெய்லரை மாட்டும் தட்டு) கீழே சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) துரு தெரிந்ததும், தெரிந்தவர் சொன்ன ஒரு பட்டறையில் 1,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துப் பட்டை வைத்து வெல்டிங் செய்தேன். நான்கே மாதத்தில் அந்த வெல்டிங் ஓரத்திலிருந்தே விரிசல் கிளம்பியது. வைத்த பட்டையை வெட்டி எடுத்துவிட்டு முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. முதல் தடவையே சரியாகச் செய்திருந்தால் அந்தப் பணமும் அலைச்சலும் மிஞ்சியிருக்கும். ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள், பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சில சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களைப் பட்டறையில் ரெயில் என்பார்கள். குறுக்கே போவது கிராஸ் மெம்பர். ரெயிலுக்குப் பலம் கூட்ட அதன் உட்புறம் ஒட்டினாற்போல் இன்னொரு சட்டம் இருந்தால் அது லைனர். எல்லா வண்டிக்கும் லைனர் இருக்காது. ரெயில் ‘ப’ எழுத்தைப் படுக்க வைத்ததுபோல் இருக்கும். அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஃபிளேன்ஜ் என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் பக்கம் வெப்.

1. துருவைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

செலவு செய்யலாமா வேண்டாமா என்பதைச் சிங்கப்பூரில் பாதிக்குப் பாதி முடிவு செய்வது சிஓஇ, அதாவது வண்டியை வைத்திருக்க வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழ்தான். சரக்கு வாகனத்தின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டு. முதல் சிஓஇ 10 ஆண்டு. அப்புறம் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்துக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. உங்கள் வண்டிக்கு மீதம் எத்தனை மாதம் என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) ஒன்மோட்டோரிங் தளத்தில் பாருங்கள். இன்று பதிவை ரத்து செய்தால் எவ்வளவு சிஓஇ தொகை திரும்பும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

கணக்கு இப்படிப் போடுங்கள். பத்து ஆண்டுக்கு 60,000 வெள்ளி கட்டிப் புதுப்பித்திருந்தால் மாதத்துக்கு 500 வெள்ளி. இன்னும் 30 மாதம் இருந்தால் 15,000 வெள்ளி திரும்பும். அதோடு வண்டியை ஏற்றுமதிக்கோ உடைப்புக்கோ கொடுத்தால் கிடைப்பதையும் கூட்டுங்கள். மறுபக்கத்தில் பழுதுச் செலவு, வேலை நடக்கும் நாட்களில் போகும் வருமானம், அதற்குப் பின் வண்டி சம்பாதிக்கப்போகும் காலம் மூன்றையும் வையுங்கள். 2024, 2025 ஆண்டுகளில் சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவு சிஓஇ 60,000 வெள்ளிக்கு மேலேயே நின்றது. புது வண்டிக்குப் போவதாக இருந்தால் வண்டி விலைக்கு மேல் அதுவும் சேரும்.

என் வண்டிக்கு இன்னும் ஏழு ஆண்டு இருந்தது, அதனால் பழுது பார்த்தேன். ஒன்றரை ஆண்டுதான் பாக்கி, ரெயிலே ஓட்டை என்றால் நான் நிச்சயம் பதிவை ரத்து செய்திருப்பேன். புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்றால் பணம் கட்டுவதற்கு முன் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். கட்டிய பிறகு பார்த்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும்.

பத்து வயதைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை உண்டு. அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. அதனால் அடுத்த பரிசோதனைத் தேதிக்கு இரண்டு, இரண்டரை மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

2. கழுவி, சுரண்டி, தட்டி, அளந்து பாருங்கள்

நம் ஊரில் பனிக்கு உப்புத் தூவும் சாலை கிடையாது. ஆனால் துறைமுகத்துக் கடற்காற்று, அன்றாட மழை, குளிர்பதனக் கொள்கலனிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதே வேலையைச் செய்துவிடுகின்றன. ஈரம் தேங்கும் இடத்தில்தான் துரு குடியேறும். ஃபிஃப்த் வீல் தட்டுக்கு அடியில், கிராஸ் மெம்பர் ரெயிலோடு சேரும் மூலையில், ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டியும் காற்றுத் தொட்டியும் மாட்டிய இடத்தில், எல்லாவற்றையும்விட ரெயிலுக்கும் லைனருக்கும் நடுவில்.

அந்த நடு இடைவெளிதான் ஆபத்து. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும். இடமில்லாத இடத்தில் பருப்பதால் ரெயிலையும் லைனரையும் தள்ளிப் பிரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபிளேன்ஜ் போல்ட்டுக்குப் போல்ட் அலை மாதிரி வளைந்திருக்கும். சில இடத்தில் ரிவெட் தலையே தெறித்துப் போயிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஃபிளேன்ஜ் ஓரத்தில் ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள், அலை இருந்தால் தெரிந்துவிடும்.

அடியில் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, காய்ந்ததும் கம்பிப் பிரஷ்ஷால் தேயுங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கெட்டது சொத்தென்று சத்தம் தரும், செதில் செதிலாக உதிரும். இதெல்லாம் நீங்களே செய்யலாம்.

அடுத்தது கனம் அளப்பது. அல்ட்ராசவுண்ட் கருவி வைத்து ரெயிலின் கனத்தை மில்லிமீட்டரில் எடுப்பார்கள். கப்பல், குழாய் வேலை நடக்கும் ஊர் என்பதால் இந்த அளவெடுக்கிறவர்கள் துவாஸ், பயனியர், ஜூரோங் பக்கம் நிறைய உண்டு. எனக்கு 280 வெள்ளி ஆனது. கேட்டு வாங்க வேண்டியது இதுதான்: இரு ரெயிலிலும் வெப், மேல் ஃபிளேன்ஜ், கீழ் ஃபிளேன்ஜ் மூன்றிலும் குறித்த இடைவெளியில் அளவு எடுத்து, வண்டி எண்ணோடு எழுதிய தாள். துரு இல்லாத இடத்தின் அளவும் அதில் இருக்க வேண்டும், அதுதான் ஒப்பிட ஆதாரம். லைனர் உள்ள வண்டியில் இந்தக் கருவி நீங்கள் தொடும் முதல் இரும்பை மட்டும்தான் அளக்கும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. ஆகவே வெளிப்பக்கம் ஒரு முறை, உள்பக்கம் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

விரிசலைக் கண்டுவிட்டால், அது மயிரிழை அளவானாலும், அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். லோ பெட்டில் (வண்டியையே ஏற்றிச் செல்லும் தாழ்தள லாரி) ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். எனக்கு 380 வெள்ளி ஆனது. பின்னால் நாற்பதடிக் கொள்கலனோடு தீவு விரைவுச்சாலையில் போகும் வண்டி அது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருக்கிறீர்கள் என்றால், அவர் உயிருக்குப் பொறுப்பு சட்டப்படியும் உங்களுடையது.

3. எது மேல்துரு, எது மாற்றவேண்டியது

மேலே செம்மை படிந்து, தேய்த்தால் கெட்டி இரும்பு வருகிறதா? அளவும் நல்ல இடத்துக்குச் சமமாக இருக்கிறதா? சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் போதும், இந்த நிலையில் யாரும் உங்களைப் பெரிய வேலைக்கு இழுக்க விடாதீர்கள்.

கிராஸ் மெம்பரும் பிராக்கெட்டும் போயிருந்தால் அவை தனித்தனி உறுப்புகள். போல்ட்டைக் கழற்றிப் புதிது மாட்டலாம். பழசைப் பட்டை வைத்து ஒட்டப் பார்ப்பது வீண். லைனர் வீங்கியிருந்தால் வெளியே எடுத்தே ஆகவேண்டும். இடுக்கில் எண்ணெய் பீய்ச்சுவது, வெளியே சீலன்ட் பூசுவது எல்லாம் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும் வேலை.

ரெயிலே கனம் குறைந்து, ஃபிளேன்ஜ் கத்தி முனை மாதிரி ஆகிவிட்டால், அல்லது வெப்பில் ஓட்டை விழுந்தால், கதை வேறு. அங்கே வண்டியின் தயாரிப்பாளர் என்ன அனுமதிக்கிறார் என்பதை வைத்துத்தான் பேச முடியும். உங்கள் வண்டி ஹினோவோ யூடியோ ஸ்கேனியாவோ வால்வோவோ, அந்தந்தத் தயாரிப்பாளருக்குச் சேசிஸ் வேலைக்கென்று கையேடு உண்டு. எந்த இடத்தில் துளை போடலாம், எங்கே வெல்டிங் கூடாது, எந்தத் தரப் போல்ட், எவ்வளவு முறுக்கு என்று அதில் இருக்கும். முகவரின் சேவைப் பிரிவில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பக்கங்கள் கையில் இல்லாமல் எந்தப் பட்டறையிலும் விலை பேசாதீர்கள்.

4. சேசிஸ் எண், எல்டிஏ, காப்பீடு

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் உங்கள் வண்டி என்பது அந்தச் சேசிஸ் எண்தான். பெரும்பாலான வண்டிகளில் அது வலது ரெயிலின் முன்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கக்கூடாது, வெல்டிங் கூடாது, வெட்டி வேறு ரெயிலில் ஒட்டுவதை நினைத்தே பார்க்கக்கூடாது. வேலை தொடங்கும் முன் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மூடி டேப் ஒட்டச் சொல்லுங்கள். மணல் பீய்ச்சித் துரு எடுப்பவர் கவனிக்காமல் அடித்தால் எண் மழுங்கிவிடும்.

“உடைக்கப் போன வண்டியின் நல்ல சேசிஸ் இருக்கிறது, மலிவாக மாற்றிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சேசிஸுக்கு அதன் சொந்த எண் இருக்கிறது. அதை மாட்டினால் பதிவில் இருக்கும் வண்டியும் சாலையில் ஓடும் வண்டியும் வேறு வேறாகிவிடும். ரெயிலை மாற்றுவது, வெட்டுவது, நீட்டுவது எதுவானாலும் முதலில் எல்டிஏவுக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை யாரையும் வண்டியைத் தொட விடாதீர்கள். சேசிஸ் எண், படங்கள், கன அளவுத் தாள், என்ன செய்யப்போகிறோம் என்ற பட்டறையின் விவரம், கையேட்டின் பக்கம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வையுங்கள். என் வேலையில் ரெயிலில் கை வைக்கவில்லை, லைனரும் கிராஸ் மெம்பரும்தான். ஆனாலும் எழுதிக் கேட்டுவிட்டே தொடங்கினேன்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நாளைக்கு விபத்து என்று வந்தால் சேசிஸில் வேலை நடந்ததை மறைத்ததாக யாரும் பேச இடம் வைக்க வேண்டாம்.

5. பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

சுங்கை காடுட், பயனியர், துவாஸ், டெஃபு வட்டாரங்களில் கனரக வண்டிப் பட்டறைகள் இருக்கின்றன. குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். தவுக்கே (பட்டறை முதலாளி) வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமல் வாயால் ஒரு தொகை சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நான் முதலில் போன இடத்தில் நடந்தது அதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்: லைனரைக் கழற்றிச் செய்வீர்களா, மாட்டியபடியேவா? ரிவெட்டுக்குப் பதில் என்ன தரப் போல்ட்? ஃபிளேன்ஜில் வெல்டிங் செய்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் பலமாகப் பிடிக்கும்” என்று பதில் வந்தால் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறும்போது அதிகமாக இழுபடுவதும் அமுக்கப்படுவதும் ஃபிளேன்ஜ்தான். அதன் குறுக்கே வெல்டிங் கோடு போட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். துளையும் அங்கே கூடாது, வெப்பில் மட்டும்தான். சில வண்டிகளின் ரெயில் சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. அதில் வெல்டிங் சூடு பட்டாலே பதம் போய்விடும்.

விலையை எழுத்தில் வாங்குங்கள். உறுப்புகள் தனி, கூலி தனி, துரு எடுத்துப் பெயிண்ட் அடிப்பது தனி, ஜிஎஸ்டி தனி. பிரித்த பிறகு கூடுதல் சேதம் தெரிந்தால் உங்களைக் கேட்காமல் தொடரக்கூடாது என்று ஒரு வரி. எத்தனை மாத உத்தரவாதம் என்று ஒரு வரி. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கொடுக்கவில்லை. தகராறு என்று வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே கையில் தாள் வேண்டும். முதல் பட்டறையின் 1,900 வெள்ளிக்கு என்னிடம் ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது.

6. உறுப்பு வந்த பிறகு வண்டியை நிறுத்துங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் லைனருக்கு ஆர்டர் கொடுப்பார்கள். எனக்கு லைனரும் இரண்டு கிராஸ் மெம்பரும் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம் பிடித்தது. விரிசல் இல்லாத வண்டியாக இருந்தால் அளவெடுத்து, ஆர்டர் கொடுத்து, பாரம் குறைவான வேலைகளுக்கு ஓட்டிக்கொண்டே காத்திருங்கள். விரிசலால் நிறுத்திவிட்டீர்கள் என்றால், அந்த வாரங்களுக்கு வாடகைப் பிரைம் மூவர் எடுப்பதா, வேலையை நண்பருக்குத் தள்ளிவிடுவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். வண்டி நின்றாலும் சாலை வரியும் சிஓஇயும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சீனப் புத்தாண்டுக்கு முன் மூன்று வாரத்தில் எந்தப் பட்டறையிலும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவசரமாக முடிப்பார்கள், அல்லது பாதியில் கதவைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போவார்கள். டிசம்பர், ஜனவரி அடைமழையும் பெயிண்டுக்கு ஆகாது.

7. வேலை நடக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை

தினமும் ஒரு தடவை போய் நில்லுங்கள். பட்டறைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வண்டி சமதரையில், அச்சுகளுக்கு அடியில் தாங்கல் வைத்து நிற்க வேண்டும். கிராஸ் மெம்பரை ஒன்று கழற்றினால், புதிதை மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவினால் சேசிஸ் கோணிப்போகும். தொடங்கும் முன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுத்துச் சுவரில் எழுதச் சொல்லுங்கள், முடிந்ததும் மறுபடி எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரைத் தின்னும்.

கையேடு அனுமதிக்கும் இடத்தில் வெல்டிங் தேவைப்பட்டால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எஞ்சின், பிரேக் கணினிகளுக்குக் கையேடு சொல்லும் பாதுகாப்பையும் செய்ய வேண்டும். எர்த் கிளாம்ப் (வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் கவ்வி) வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கோ தள்ளி மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகவோ கணினி வழியாகவோ போய்ப் பெரிய செலவில் முடியும். ரெயில் உட்புறம் ஓடும் நைலான் காற்றுக் குழாய்களையும் வயர்களையும் ஒதுக்கிக் கட்டி, டீசல் தொட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

லைனர் வெளியே வந்ததும் ரெயிலின் உட்பக்கம் முதல்முறையாகக் கண்ணில் படும். அன்று கட்டாயம் அங்கே இருங்கள். கருவி வைத்து மறுபடி கனம் அளக்கச் சொல்லுங்கள். தொடரலாமா, பதிவை ரத்து செய்து நிறுத்திவிடலாமா என்று மாற்றி யோசிக்க அதுதான் கடைசி நல்ல வாய்ப்பு. என் ரெயிலில் ஒரே ஒரு இடத்தில் குழி விழுந்திருந்தது, மற்றபடி நல்ல இரும்பு. அந்தக் குழியின் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே தொடரச் சொன்னேன்.

துரு எடுத்த வெறும் இரும்பு நம் ஊர் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை பிடிக்கும். காலையில் துரு எடுத்தால் அன்றே துத்தநாக பிரைமர் ஏற வேண்டும். லைனரும் ரெயிலும் ஒட்டும் முகங்கள் இரண்டிலும் தனித்தனியே பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வெளியே மட்டும் கறுப்பு அடித்தால் பழைய துரு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ரிவெட் இருந்த இடங்களில் கையேடு சொல்லும் தரப் போல்ட், என் வண்டிக்கு 10.9. தலையில் அந்த எண் பொறித்திருக்கும், பாருங்கள். முறுக்கியதும் ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் கோடு போடச் சொல்லுங்கள். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

8. எனக்கு ஆன செலவு

முதல் பட்டறையில் வீணான 1,900 வெள்ளியைச் சேர்க்காமல்: கூலி 4,200, லைனரும் இரண்டு கிராஸ் மெம்பரும் 4,900, போல்ட், பிராக்கெட், காற்றுக் குழாய் 850, துரு எடுத்துப் பெயிண்ட் 1,600, கனம் அளக்க 280, லோ பெட் 380. மொத்தம் 12,210 வெள்ளி. 9 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 13,300க்குச் சற்று மேல். உறுப்பு வந்த பிறகு பட்டறையில் நின்ற நாள் 26. இது என் ஒரு வண்டியின் கணக்குதான். உங்கள் வண்டியின் நீளம், வகை, லைனர் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். பிரித்த பிறகு தெரியவரும் சேதத்துக்காகச் சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. பரிசோதனையும் அதற்குப் பிறகும்

பரிசோதனை நிலையத்துக்கு முன்பதிவு செய்யுங்கள், கனரக வண்டிக்கு எந்தக் கிளை என்று பார்த்துப் போங்கள். போவதற்கு முதல் நாள் அடியில் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு அடித்துக் கொண்டுபோகும் பழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள். பரிசோதகர் இரும்பைப் பார்க்க வேண்டும், நீங்களும் பார்க்க வேண்டும். பட்டறை விலைச்சீட்டு, ரசீது, முன்னும் பின்னும் எடுத்த கன அளவுத் தாள், படங்கள், கையேட்டுப் பக்கங்கள், எல்டிஏ கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வண்டியிலேயே ஒரு நகல் வையுங்கள். வண்டியை விற்கும்போதும் அந்தக் கோப்பு பேசும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பார்க்கப் பட்டறைக்குத் திரும்புங்கள், இதற்குத் தனிக் கூலி கிடையாது என்பதை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒரு தடவை, முடிந்தால் துறைமுக வேலை முடிந்த கையோடு, ஃபிஃப்த் வீலுக்கு அடியிலும் ரெயில் உட்புறத்திலும் நல்ல தண்ணீர் அடியுங்கள். வெப்பில் இருக்கும் சிறு துளைகளில் மண்ணும் கிரீஸும் அடைத்திருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள், தண்ணீர் வடியும் வழி அவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பாக, பெயிண்ட் கோடுகளையும் ஃபிளேன்ஜ் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் அதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன், அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.